ஹெட்லைட்டில் நிற்பவள்

கண்காட்சியைத் திறந்துவைக்க ஜட்ஜ் ஐயா வருவதற்கு இன்னும் அரைமணி நேரம் ஆகுமாம். அவிநாசி ரோட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறாராம். இதையெல்லாம் நடத்துகிற சம்யுக்தா வந்து சொல்லிவிட்டு, போகிறபோது என் தோளைத் தொட்டு, "யோசிச்சு வைங்கம்மா, ரிப்பன் வெட்டறதுக்கு முன்னால சொன்னாப் போதும், நான் லேபிள ஒட்டிருவேன்" என்றாள். யோசிப்பதற்கு என்ன இருக்கிறது, எனக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது, போன மாசம்தான் இடது கண்ணுக்கும் ஆபரேஷன் செய்து லென்ஸ் வைத்தார்கள், வைக்காமலே விட்டிருக்கலாம். என்னைக் கொண்டுவந்து உட்கார வைத்த நாற்காலி நேராக அந்தப் படத்துக்கு எதிரில் இருக்கிறது. மரியாதையாம், போட்டோகிராபரின் மனைவி என்று முதல் வரிசை. எதிரே ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு மாட்டிய ஒரே ஒரு ஹெட்லைட். கார்கூட முழுசாக இல்லை, ஹெட்லைட்டும் அதற்குப் பின்னால் கொஞ்சம் கறுப்பு மட்கார்டும்தான். குரோமியம் பூசிய அந்தக் குமிழுக்குள் மில் பங்களாவின் தோட்டம் மொத்தமும் வளைந்து கிடக்கிறது, மாமரம், வானம், கேமரா வைத்த முக்காலி, முக்காலிக்குப் பின்னால் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக் குனிந்திருக்கிற என் வீட்டுக்காரர், அவர் பக்கத்தில் ஒட்டினாற்போல ஒரு பொம்பளை. இரண்டு கையாலும் ஒரு வெள்ளைத் துணியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கிறாள். முகம் கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கிறது, ஆனாலும் சிரிக்கிறாள் என்று தெரிகிறது. படத்துக்குக் கீழே ஒரு அட்டை: "1973, ஆயுத பூஜை. பேக்கார்ட் காரின் ஹெட்லைட்டில் போட்டோகிராபர் சிதம்பரநாதனும்" என்பதோடு எழுத்து நின்றுபோய் மிச்ச இடம் வெள்ளையாக இருக்கிறது. அந்த வெள்ளையில் ஒட்டுவதற்கு என் பெயரைத் தனியாக அச்சடித்துத் தயாராக வைத்திருக்கிறாள் சம்யுக்தா. "நீங்கதானேம்மா அது? ஒரு தடவை உங்க வாயால கேட்டுக்கலாம்னுதான்." பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற என் மகள் அமுதா செல்போனைக்கூட மடியில் வைத்துவிட்டு, "ஏம்மா, நீ அப்பாகூட பங்களாவுக்கெல்லாம் போயிருக்கியா? ஒரு நாளும் சொன்னதே இல்ல?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து இன்றுவரைக்கும் அந்தப் பங்களா கேட்டைத் தாண்டி நான் ஒரு அடி வைத்ததில்லை. அது நானில்லை. அது பிலோமினா.

பிலோமினா. பெயரை மனசுக்குள் சொன்னாலே நாக்கில் ஏதோ ஒட்டிக்கொள்கிறது. எங்கள் பிரபா ஸ்டூடியோவில் கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் கலர் போடுகிறவள். கல்யாணப் பெண்ணுக்குப் பட்டுப் புடவையில் அரக்கு, உதட்டில் ரோஸ், கன்னத்தில் அதையே தண்ணீர் மாதிரித் தொட்டு ஒரு இழுப்பு. விரல் நுனியில் பஞ்சைச் சுற்றிக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பாள், ஒல்லி, எப்போதும் வெளிர் நிறத்தில் மெல்லிசான வாயில் புடவை, காதில் ஒரு பொட்டுத் தோடு, அவ்வளவுதான் நகை. அழகி என்று சொல்ல முடியாது. சொல்ல முடியாது என்று நானே எத்தனை தடவை எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அழகில்லாதவளைப் பற்றி எவளாவது அத்தனை தடவை சொல்லிக்கொள்வாளா. நான் சாப்பாட்டுக் கேரியர் கொண்டுபோனால் எழுந்து நின்று "வாங்கக்கா" என்பாள், அந்த "அக்கா" எனக்குப் பிடிக்காது, என்னைவிட இரண்டு வயசு மூத்தவள். கிறிஸ்மஸுக்குக் கேக் அனுப்புவாள், டப்பாவில் பட்டர் பேப்பர் சுற்றி, மேலே முந்திரி பதித்து. அவர் ஒரு துண்டு கேட்பார், முட்டை போட்டிருக்கும், கார்த்திகை விரதம் முடிஞ்சு ஒரு மாசம்கூட ஆகல என்பேன், கேக் அப்படியே இஸ்திரிக்காரர் வீட்டுக்குப் போகும். ஒரு வருஷம் கேக்கை இஸ்திரிக்காரருக்குக் கொடுப்பதற்கு முன்னால் சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு விள்ளல் வாயில் போட்டேன். நன்றாக இருந்தது. அந்தக் கோபம் பொங்கல் வரைக்கும் தணியவில்லை. அவள்மேல் எனக்கு என்ன புகார் என்று யாராவது கேட்டிருந்தால் ஒன்றுமே சொல்லியிருக்க முடியாது. ஸ்டூடியோவில் வேலை செய்கிறாள், ஆறு மணிக்கு வீட்டுக்குப் போகிறாள், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறாள். என் கணக்கில் அவள் ஸ்டூடியோ ஜன்னலோடு சரி. ஜன்னலுக்கு வெளியே அவளை வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. ஆயுத பூஜை அன்று ஸ்டூடியோ லீவு. லீவு நாளில், பண்டிகை நாளில், ஒரு கிறிஸ்துவப் பெண் மில் பங்களாத் தோட்டத்தில் என் வீட்டுக்காரர் பக்கத்தில் துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எதற்குச் சிரிக்கிறாள்.

எதற்கு என்று எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி கேட்டுக்கொண்டிருக்கிறேன். கறுப்புக் காரைப் படம் எடுப்பது லேசில்லை என்று அவர் நூறு தடவை சொல்லியிருக்கிறார். சாப்பிடும்போதெல்லாம் அதே பேச்சுத்தான். பேக்கார்ட் என்றால் அமெரிக்காவிலேயே ராஜாக்கள் மாதிரி இருந்தவர்கள் வைத்திருந்த வண்டி, டெட்ராய்ட் என்று ஒரு ஊர், அங்கே செய்து கப்பலில் ஏற்றி, இந்த மில் முதலாளியின் அப்பா அதை இறக்கியபோது ஊரே ரோட்டில் நின்றதாம். சக்கரத்தின் நடுவில் சிவப்பாக ஆறு மூலை வைத்த ஒரு சின்ன வில்லை இருக்கும், அதைத்தான் முதலில் பார்க்கோணும் என்பார், என் மூக்குத்தியை எப்போது மாற்றினேன் என்று கேட்டிருந்தால் முழித்திருப்பார். அந்தப் பெயிண்டில் முகம் பார்த்துத் தலை வாரலாமாம். அதுதான் தொந்தரவு. எதிரில் இருப்பதெல்லாம் கதவில் வந்து விழும், தோட்டக்காரன், துளசி மாடம், காய்கிற துணி, எல்லாம். அதனால் கேமராவுக்குப் பக்கத்தில், படத்தில் விழாத தூரத்தில், எட்டு முழ வேட்டி ஒன்றை விரித்துப் பிடிக்க வேண்டும். அந்த வெள்ளை மட்டும் காரின் கதவில் நீளமாக ஒரு கோடாக விழும், அப்போதுதான் வண்டி வண்டி மாதிரித் தெரியும். வேட்டியின் ஒரு முனையை மாமரத்தில் கட்டுவார். மறுமுனைக்கு ஒரு ஆள் வேண்டும். எல்லா வருஷமும் ஆயுத பூஜை அன்று காலையில் காருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சை வைத்து, அதே இடத்தில் நிறுத்தி ஒரு படம் எடுப்பது அந்தப் பங்களா வழக்கம். அவர் விடியற்காலையிலேயே நம் வீட்டில் கேமராவுக்குப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, பொரியை வாயில்கூடப் போடாமல் கிளம்பிவிடுவார். பீரோவிலிருந்து வேட்டியை நான்தான் எடுத்துக் கொடுப்பேன். "நீலம் போட்றாத தெய்வான, நீலம் போட்டா படத்துல மங்கலாயிரும்" என்று நாலு நாள் முன்னாலிருந்தே சொல்லுவார். நீலம் போடாமல், கஞ்சி மட்டும் போட்டு, சுருக்கமில்லாமல் உதறி நிழலில் காயவைத்து மடித்து வைப்பேன். மத்தியானம் வரைக்கும் சுண்டலை மூடி வைத்துக் காத்திருப்பேன். அவர் வரும்போது அந்த வேட்டியின் ஒரு மூலை கசங்கியிருக்கும். பிடித்தபிடியில் கசங்கின மாதிரி. அந்த மூலையில் ஒரு வருஷம் ரோஸ் நிறத்தில் இரண்டு விரல் கறை. என்னங்க இது என்றேன். "ஸ்டூடியோ கலரு" என்றார். மண்ணெண்ணெய் தொட்டு, சோப்புப் போட்டு, கல்லில் அடித்து அடித்து அந்தக் கறையை எடுத்தேன். கல்யாணப் பெண்களின் உதட்டுக்குப் போடுகிற ரோஸ். எத்தனை வருஷம் அந்தப் பொம்பளையின் கைப்பிடியை நானே உட்கார்ந்து துவைத்திருக்கிறேன்.

இத்தனைக்கும் இந்த வினையை நான்தான் விலை கொடுக்காமல் வாங்கினேன். மில் முதலாளியின் பேத்தி சம்யுக்தா வீட்டுக்கு வந்து, பேக்கார்ட் படமெல்லாம் வைத்து ஒரு கண்காட்சி போடறோம்மா, அமெரிக்காவில அந்தக் கம்பெனி மூடி அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு, அங்கிருந்தெல்லாம் படம் வருது, நம்ம ஊர்ல அந்தக் காரை எடுத்தது உங்க வீட்டு ஐயாதானே என்றாள். ஆல்பத்தைக் கொடுத்திருந்தால் போதும். கொடுத்திருப்பேன். வாய் சும்மா இருக்காமல், வேறு யார் யாரிடமெல்லாம் வாங்கினீங்க என்றேன். டவுன்ஹால் பக்கம் இருந்த இன்னொரு ஸ்டூடியோக்காரரின் மருமகள் நாற்பது படம் கொடுத்ததாகச் சொன்னாள். நாற்பதா! அந்த ஸ்டூடியோக்காரர் எடுத்ததெல்லாம் கல்யாண ஊர்வலத்தில் காரை நாலு பேர் மறைத்துக்கொண்டு நிற்கிற படம். அந்த மருமகள் நாற்பது கொடுத்தால் நான் பதினாலு படத்தோடு நிற்பதா என்று எனக்கு ஏறிவிட்டது. பரணிலிருந்து பிஸ்கட் டின்னை இறக்கி, நெகட்டிவ் எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்தேன். "நெகட்டிவே இருக்குங்களாம்மா? அப்ப எவ்வளவு பெருசா வேணும்னாலும் போடலாம்" என்று அந்தப் பெண் குதித்தாள். நானும் கூடவே பெருமையில் காப்பி போட்டேன். ஆல்பத்துப் படங்களில் ஹெட்லைட்டுக்குள் யாருமில்லை. ஏனென்றால் அவர் அழித்துவிடுவார். படத்தை பிரிண்ட் போட்டுக் காய்ந்த பிறகு வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேஜையில் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, மூன்று மயிர் மட்டும் உள்ள பிரஷ்ஷால் ஹெட்லைட்டுக்குள் புள்ளி புள்ளியாகக் கறுப்பு வைப்பார், நெகட்டிவைத் தொடமாட்டார். நான் எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பேன். "என்னுங்க அது, அவ்வளவு நேரமா?" "குப்பை எடுக்கறேன்." "காருக்குள்ள என்னுங்க குப்பை?" "நாந்தான். படம் எடுக்கறவன் படத்துல தெரியலாமா?" நான்தான் என்றார். நாங்கள்தான் என்று சொல்லவில்லை. பொய் சொன்னாரென்றும் சொல்ல முடியாது. எனக்கு எதிரிலேயே உட்கார்ந்து, கீரைக்கட்டுக்கும் அவருக்கும் ஒரு முழம்கூட இல்லாத இடத்தில், அவளை ஒவ்வொரு வருஷமும் புள்ளி வைத்து அழித்தார். அழிக்கிற கையைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, எத்தனை பொறுமை இந்த மனுஷனுக்கு என்று பெருமையாக இருந்தது.

அமுதா எழுந்து எனக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள். நாற்காலியிலிருந்து நானும் எழுந்தேன், உட்கார்ந்தால் அந்த ஹெட்லைட் என்னையே பார்க்கிற மாதிரி இருக்கிறது. ஹால் பெரிய ஹால். இடது பக்கச் சுவர் முழுக்க அமெரிக்கா. காரில் சாய்ந்து நிற்கிற தொப்பி வைத்த பெண்கள், ரோமக் கோட்டு, நீளக் கையுறை, யார் வீட்டுக் காரோ இவர்கள் பாட்டுக்குச் சாய்ந்திருக்கிறார்கள். எல்லாரும் ஒல்லி. காரின் முன்மூக்கில் கழுத்தை நீட்டிக்கொண்டு ஒரு உலோகப் பறவை. அடுத்தது, தொழிற்சாலை, நூற்றுக்கணக்கான ஆட்கள் வரிசையாக நின்று ஒரே பக்கம் பார்க்கிறார்கள். அதற்கடுத்து அதே தொழிற்சாலை இப்போது, ஜன்னலில் ஒரு கண்ணாடி மிச்சமில்லை, தரையில் மரம் முளைத்திருக்கிறது. இதற்காகத்தான் அந்த மனுஷன் சோறு ஆறிப்போவது தெரியாமல் பேசிக்கொண்டிருந்தார். ஒரு சந்தோஷம் வந்தது, வரட்டும், எல்லாம் ஒரு நாள் இப்படித்தான் ஆகும், காரும் ஆகும், அவளும் ஆவாள், ஆகியிருப்பாள். எழுபத்தெட்டு வயசு இருக்குமே. இருக்கிறாளோ என்னவோ. எண்பதாம் வருஷம் கோத்தகிரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராகப் போனாள், கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று நான் யாரையும் கேட்டதில்லை, பதில் கிடைத்துவிடுமோ என்று பயம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவர் போனபோது வந்திருந்தாள். கேட்டுக்குப் பக்கத்தில், முருங்கை மரத்தடியில், வெள்ளைப் புடவையில் ஒரு குடையோடு நின்றாள். உள்ளே வரச்சொல்ல வேண்டியவள் நான். கூடத்தில் அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு ஜன்னல் வழியாக அவள் நன்றாகத் தெரிந்தாள். அவளுக்கும் என்னைத் தெரிந்திருக்கும். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். மறுபடி பார்த்தபோது முருங்கை மரம் மட்டும் இருந்தது. அதற்கப்புறமும் மூன்று வருஷம் கேக் வந்தது, என் பெயருக்கு. பிறகு வரவில்லை. இந்தக் கண்காட்சி பத்து நாள் நடக்குமாம், பேப்பரில் போட்டிருக்கிறார்கள். கோத்தகிரியிலிருந்து பஸ் ஏறினால் இரண்டரை மணி நேரம். யாராவது கைத்தாங்கலாகக் கூட்டிவந்து அவளை அந்த ஹெட்லைட்டுக்கு முன்னால் நிறுத்தினால், கீழே அட்டையைப் படித்தால், அவள் என்ன செய்வாள் என்று நினைத்தபோது எனக்கு வந்தது பயமா, ஆசையா, சத்தியமாகத் தெரியவில்லை.

சரி, அப்படி என்ன கண்டுவிட்டேன் என்று என்னையே கேட்டுக்கொண்டு வலது பக்கச் சுவருக்கு வந்தேன். இது எங்கள் சுவர். பதினாலு ஆயுத பூஜை, வரிசையாக. கடைசியிலிருந்து முன்னால் போனேன், ஹாலில் அந்தப் பக்கம்தான் கூட்டமில்லை. எழுபத்தொன்பது: ஹெட்லைட்டுக்குள் அவர், அவள். எழுபத்தெட்டு: அவர், அவள், அவள் கண்ணாடி போட ஆரம்பித்திருக்கிறாள். எழுபத்தாறில் மழை பெய்து தரை மினுக்குகிறது, அவள் புடவையைத் தூக்கிச் செருகியிருக்கிறாள். எழுபத்தைந்தில் இருவருக்கும் நடுவில் இடமே இல்லை, தோளும் தோளும் உரசுகிற மாதிரி. மாதிரிதான். எனக்குத் தெரியும், அவரே சொல்லியிருக்கிறார், ஒரு தடவை பித்தளைக் குடத்தைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தபோது குனிந்து காட்டினார்: "பாரு, நீ அடுப்புகிட்ட நிக்கற, நான் வாசப்படியில நிக்கறேன், இதுல பாத்தா ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டு நிக்கறோம். உருண்டையா இருக்கறதுல எல்லாம் கிட்ட வந்துரும்." வேட்டி எட்டு முழம். கேமரா வேட்டியின் நடுவில் இருந்தால்கூட இருவருக்கும் நாலு முழத் தூரம் இருக்கும். பதின்மூன்று வருஷமும் அவர் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு காரைப் பார்க்கிறார், அவள் கையைத் தூக்கிக்கொண்டு வேட்டியைப் பார்க்கிறாள். ஒரு படத்தில்கூட ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை, ஒரு முடிவுக்கு வந்திருப்பேன். திட்டியிருப்பேன், செத்த மனுஷனைப் பிடித்து உலுக்கியிருப்பேன். இப்போது என்ன செய்வது, ஒரு பெண் பதின்மூன்று வருஷம் லீவு நாளில் எழுந்து வந்து கை வலிக்க வலிக்கத் துணி பிடித்திருக்கிறாள், அவ்வளவுதான் சாட்சி. கை வலிக்கும். சிரித்துக்கொண்டே யாராவது அத்தனை நேரம் கையைத் தூக்கி நிற்பார்களா, நின்றிருக்கிறாள். அதுதான் பொறுக்கவில்லை. காரின் கதவில் அந்த வெள்ளைக் கோடு தலை முதல் வால் வரைக்கும் ஒரு நெளிவில்லாமல் ஓடுகிறது. எனக்குப் பின்னால் யாரோ ஒரு வயசான ஆள் இன்னொருவரிடம், "அந்த லைட்டைப் பாருங்க, என்ன சுத்தம்" என்று சொன்னார். அது லைட் இல்லை ஐயா, என் வேட்டி, நான் துவைத்தது, நீலம் போடாமல் என்று திரும்பிச் சொல்ல வாய்வரைக்கும் வந்தது. சொன்னால் சிரிப்பார்கள். துவைத்தவள் பெயரை எந்த அட்டையில் போடுவது.

எழுபது, அறுபத்தொன்பது, அமுதா பிறந்த வருஷம், அறுபத்தெட்டு, அறுபத்தேழு. அவளுடைய முதல் வருஷம், கூச்சத்தில் முகத்தில் பாதியை வேட்டிக்குப் பின்னால் மறைத்திருக்கிறாள். வரிசையில் கடைசிப் படத்துக்கு, அதாவது முதல் படத்துக்கு வந்தேன். 1966. நான் தை மாசம் கல்யாணமாகி வந்த வருஷம். ஆல்பத்தில் எத்தனையோ தடவை பார்த்ததுதான். கார் அதே கார், மாலை அதே மாலை. கதவில் விழுந்த வெள்ளைக் கோடு மட்டும் நடுவில் தொய்ந்து, நெளிந்து, வால் பக்கம் அறுந்துபோயிருக்கிறது. குனிந்து, மூக்கு கண்ணாடியில் இடிக்க, ஹெட்லைட்டுக்குள் பார்த்தேன். அவர் மட்டும் இருந்தார். கறுப்புத் துணி, முக்காலி, மாமரத்தில் வேட்டியின் ஒரு முனை, மறுமுனையில் ஆள் இல்லை, சைக்கிள் நிற்கிறது. அவருடைய ராலே சைக்கிள். வேட்டியை அதன் ஹாண்டில்பாரில் கட்டியிருக்கிறார், காற்றில் அது உப்பி, சைக்கிள் சாயப் பார்க்கிறது. ஞாபகம் வரவில்லை என்று சொல்ல முடியாது, அது எப்போதும் அங்கேயேதான் இருந்தது, நான்தான் சுற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். முந்தின நாள் சாயங்காலம், அவர் கேமராவைத் துடைத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், "நாளைக்குப் பங்களாவுக்கு வர்றியா? வேட்டிய ஒரு பக்கம் புடிக்கோணும். கார் பாத்த மாதிரியும் ஆச்சு" என்றார். எனக்குப் பதினெட்டு வயசு. எங்கள் அப்பா ஊரில் பெரிய மனுஷர். மில்காரர் வீட்டுப் பொம்பளைகள் பட்டுக் கட்டிக்கொண்டு மேலே படியில் நிற்க, அவர்கள் பார்க்க நான் கீழே வெயிலில் வேட்டி பிடித்துக்கொண்டு நிற்பதா. "நானென்ன கொடிக்கம்பமுங்களா?" என்றேன். கெட்டிக்காரத்தனமாகச் சொல்லிவிட்டதாக நினைப்பு, சிரிக்கவும் சிரித்தேன். அவரும் சிரித்தார். "சரி, நீ வூட்டுல இரு" என்றார். அப்புறம் கேட்கவே இல்லை. நானும் அடுத்த வருஷம், வர்றேனுங்க என்று சொல்லவில்லை. சொல்வதற்கு அவர் மறுபடி கேட்க வேண்டும் என்று இருந்தேன், நாலு நாள் முன்னாலிருந்தே பட்டுப் புடவையை வெளியில் எடுத்து வைத்துக்கொண்டு கேட்பார் கேட்பார் என்று இருந்தேன், அவர் நீலம் போடாதே என்று மட்டும் சொன்னார். பதின்மூன்று வருஷமும் சொன்னார். ஒரு வருஷம் போதும், சைக்கிளுக்குப் பதிலாக ஒரு வருஷம் நின்றிருந்தால் போதும்.

"அம்மா, ஜட்ஜ் சார் கார் உள்ள வந்துருச்சு." சம்யுக்தா பின்னால் நின்றாள். கையில் நீளமாக வெட்டிய ஒரு வெள்ளைத் துண்டு, அதில் அச்சடித்த எழுத்து, பின்பக்கம் பசை. இன்னொரு கையில் பேனாவும் வெறும் துண்டு ஒன்றும் வைத்திருந்தாள், பெயர் வேறு என்றால் கையால் எழுதிக்கொள்ளலாம் என்று. நல்ல பெண், பொறுப்பான பெண். "அது நீங்க இல்லேன்னாலும் பரவால்லீங்கம்மா, யாருன்னு தெரிஞ்சாச் சொல்லுங்க, பேரைப் போட்டுருவோம். இத்தனை படத்துலயும் இருக்காங்க, பேர் இல்லாம வைக்க மனசு வரல." பிலோமினா என்று நாலு எழுத்துத்தான். சொல்லிவிடலாம். பேனா இருக்கிறது, துண்டு இருக்கிறது. அவள் வந்தால் பார்ப்பாள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படிப்பாள், நான்தான் சொன்னேன் என்று தெரிந்துகொள்வாள், முருங்கை மரத்தடிக்கு அது ஒரு பதில். வாயைத் திறந்தேன். அப்போது தண்ணீர் பாட்டிலோடு அமுதா வந்தாள். வந்தவள், "எங்கம்மாதாங்க அது, நிக்கற தோரணையப் பாருங்க, வேற யாரு அப்பாவுக்கு இப்புடி வெயில்ல நிப்பாங்க?" என்றாள். அந்த "வேற யாரு" என் காதில் விழுந்தது. சைக்கிள் ஞாபகத்துக்கு வந்தது. கேக்கின் ருசி ஞாபகத்துக்கு வந்தது. "ஆமா கண்ணு, நாந்தான்" என்றேன். "வருஷா வருஷம் போவேன். கை கடுத்துப் போகும்." அமுதா என்னைக் கட்டிக்கொண்டாள். சம்யுக்தா துண்டின் பின்பக்கத்தை உரித்து, அட்டையின் வெள்ளை இடத்தில் வைத்து, கட்டைவிரலால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தேய்த்து ஒட்டினாள். "உடன் நிற்கும் அவரது மனைவி தெய்வானையும்." நன்றாக ஒட்டியிருந்தது, இனி உரித்தால் அட்டையே கிழியும்.

ஜட்ஜ் ஐயா ரிப்பன் வெட்டி, உள்ளே வந்து, எனக்குக் கும்பிடு போட்டுவிட்டு அமெரிக்கச் சுவரைப் பார்க்கப் போனார். சம்யுக்தா ஒரு போட்டோகிராபரைக் கூட்டிவந்தாள், தாடியும் தோளில் இரண்டு கேமராவுமாக நாற்பது வயசு ஆள். "இவங்கதான். அந்தப் படத்துக்குப் பக்கத்துல வச்சு ஒண்ணு எடுங்க." ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். இத்தனை கிட்டத்தில் அவள் முகம் புள்ளிகளாகக் கலைந்து போயிருந்தது, சிரிப்பு மட்டும் கலையவில்லை. போட்டோகிராபர் கேமராவைக் கண்ணில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். "அம்மா, கொஞ்சம் அக்கட்டால தள்ளிக்குங்க. மேல கண்ணாடி இருக்குதுங்களா, உங்க உருவம் அதுல விழுது. உள்ள இருக்கறவங்க மேலயே விழுது, மறைக்குது." திரும்பிப் பார்த்தேன். ஆமாம், பிரேம் கண்ணாடியில் நான் தெரிந்தேன், நரைத்த தலை, பட்டுப் புடவை, முன்னால் குனிந்திருக்கிற அவர் பக்கத்தில், எட்டு முழ வேட்டியின் மறுமுனையில், அவள் நின்ற இடத்தில் சரியாக. நான் நகரவில்லை. "அவங்க அங்கயே நிக்கட்டும்ங்க, அது அவங்கதானே" என்றாள் அமுதா. "அப்புடிங்களா, சரிங், அப்ப அசையாம நில்லுங்க" என்றார் அவர். கேமராவைத் தூக்கிக்கொண்டு, என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார்: "கண்ணாடியில விழறத நான் அப்பறம் கம்ப்யூட்டர்ல போட்டு அழிச்சுக்கறேன். உள்ள இருக்கறவங்க நல்லாத் தெரிவாங்க." சிரிங்க என்றார். சிரித்தேன்.